காலரா கிருமிக்குக் குடல் எது என்று எப்படித் தெரிகிறது?

"காலரா கிருமி ஆற்றிலும் கழிமுகத்திலும் சும்மாதானே கிடக்கிறது? வயிற்றுக்குள் போனதும் மட்டும் ஏன் நஞ்சைக் கக்குகிறது?" 2023இல் தென்னாப்பிரிக்காவின் ஹம்மன்ஸ்கிராலில் காலரா பரவியபோது டர்பனின் சாட்ஸ்வொர்த் வாசகர் ஒருவர் கேட்ட கேள்வி இது.

நஞ்சுக்கான மரபணு கிருமியிடம் எப்போதும் உண்டு. அதுவும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்த சொத்து; 1996இல் வால்டோர், மெகலனோஸ் என்ற ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆற்றில் அந்த மரபணு அடங்கிக் கிடக்கிறது. குடலுக்கு வந்ததும் கிருமியின் சவ்வில் உள்ள டாக்ஸ்-ஆர் முதலிய புரதங்கள் சூழலை உணர்ந்து டாக்ஸ்-டி என்ற இன்னொரு புரதத்தை உருவாக்க வைக்கின்றன. நஞ்சு மரபணுவை நேரடியாக இயக்குவது இந்த டாக்ஸ்-டிதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 2010இல் டாக்ஸ்-டியின் வடிவத்தைப் படம்பிடித்தவர்கள் அதன் நடுவே ஒரு கொழுப்பு அமிலம் செருகியிருப்பதைப் பார்த்தார்கள். அவர்கள் அதைச் சேர்க்கவே இல்லை. அது உள்ளே இருக்கும்வரை டாக்ஸ்-டியால் டி.என்.ஏ.வைப் பிடிக்க முடியாது. நம் பித்தநீரில் இத்தகைய கொழுப்பு அமிலங்கள் நிறைய உண்டு. எனவே குடலின் நடுவே மிதக்கும்போது கிருமி நஞ்சைத் தயாரிப்பதில்லை, தயாரித்தாலும் வீண்தான். சளிப்படலத்தைத் துளைத்துக் குடல் சுவரை நெருங்கினால் நிலைமை வேறு. அங்கே இரைப்பை அமிலத்தை முறிக்கக் குடல் பைகார்பனேட்டைச் சுரக்கிறது. அது டாக்ஸ்-டியின் பிடியை வலுவாக்குகிறது. சுவரில் காலூன்ற உதவும் நுண்ணிழைகளும் நஞ்சும் ஒன்றாகவே உருவாகின்றன. அப்புறம், அந்த நஞ்சு குடல் செல்களை இன்னும் அதிகமாகப் பைகார்பனேட்டைச் சுரக்க வைக்கிறது! நம்மைக் காக்கச் சுரப்பதே கிருமிக்கு அடையாளமாகிவிடுகிறது. கூட்டம் பெருகியதும், கிருமிகள் தங்களுக்குள் விடும் வேதி சமிக்ஞையால் நஞ்சு தயாரிப்பு அடங்குகிறது. சுவரை விட்டு விலகி, அரிசி கழுவிய நீர் போன்ற பேதியோடு வெளியேறி அடுத்த ஆளைத் தேடிப் போகின்றன.

டாக்ஸ்-டியை முடக்கும் விர்ஸ்டாடின் என்ற மூலக்கூறு 2005லேயே எலிக்குட்டிகளில் பலன் தந்தது. கிருமியைக் கொல்லாமல் நிராயுதபாணியாக்கும் இந்த வழிக்குப் பணம் ஒதுக்க, அடுத்த கொள்ளைநோய் வரவேண்டும் என்று காத்திருப்பது தவறு. தண்ணீருக்கும் அதே நியாயம்தான். 2000இல் எம்பங்கேனி அருகே, முன்பணம் கட்டினால்தான் குழாய் நீர் என்றானதும் கட்ட முடியாதவர்கள் ஆற்றுக்குப் போனார்கள். குவாசூலு-நட்டாலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் காலரா வந்தது. அம்மன் கோபம் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. வேண்டிக்கொள்ளுங்கள், சரி, ஆனால் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

குடல் செல்கள் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து உறிஞ்சும் வழியை நஞ்சால் அடைக்க முடிவதில்லை. உப்புக்குப் பின்னால் தண்ணீரும் உள்ளே போகிறது. ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் மிடறு மிடறாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.