பெரிய எண் போட்ட கார்டை வாங்கிக் கொடுக்காதீர்கள்: போக்கிமான் கார்டு வாங்கும் பெற்றோருக்கு

சேலம் ஐந்து ரோடு பக்கம் விளையாட்டுப் பொருள் கடை வைத்திருக்கிறேன். வார இறுதி மாலைகளில் பிள்ளைகளுக்குப் போக்கிமான் கார்டு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். சிறிய போட்டிகளுக்கு நடுவராகவும் உட்காருகிறேன். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் ஒரே மாதிரிச் சீட்டுக்கட்டுதான் வேறு வேறு கைகளில் என் மேசைக்கு வந்துகொண்டிருக்கும். 60 கார்டில் பாதி பளபளக்கும். தாக்குவதற்குத் தேவையான எனர்ஜி கார்டுகள் நான்கு வண்ணத்தில் இருக்கும். ஆட்டத்துக்கு உதவும் டிரெய்னர் கார்டுகளை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

சென்ற வாரம் வந்தது எல்லாவற்றையும் மிஞ்சியது. இ.எக்ஸ் என்ற பலம் கூடிய வகைச் சாரிசார்ட் நான்கு, சார்மாண்டர் ஒன்று. சார்மாண்டர் வளர்ந்து சார்மிலியனாகி, அது வளர்ந்துதான் சாரிசார்ட் ஆகும். நடுவில் வரவேண்டிய சார்மிலியன் இல்லை, அதைத் தாண்டிப் போக உதவும் ரேர் கேண்டியும் இல்லை. அதாவது, அந்த நான்கு சாரிசார்டுகளும் எத்தனை ஆட்டம் ஆடினாலும் களத்தில் இறங்கவே முடியாது. பையன் எல்லா ஆட்டத்திலும் தோற்றுக் கண்கலங்கி நிற்கிறான். அப்பா பர்ஸைத் திறந்து, "இதைவிடப் பெரிய கார்டு எது சார்?" என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். இன்றைய அப்பாக்கள் ட்ரம்ப் கார்டு ஆடி வளர்ந்தவர்கள். மல்யுத்த வீரரின் படம், கீழே உயரம், எடை, மார்பளவு, வென்ற சண்டைகள். யாருடைய எண் பெரிதோ அவர் எதிராளியின் கார்டை எடுத்துக்கொள்வார். ரேங்க் ஒன்றுக்குத்தான் சின்ன எண் ஜெயிக்கும். அந்த ஆட்டத்தில் யோசிப்பதற்கு அவ்வளவுதான் இருந்தது. அதே கண்ணோடு போக்கிமான் கார்டைப் பார்க்கிறார்கள். மேல் மூலையில் எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கு 330 எச்.பி. என்று இருக்கிறது, பக்கத்துக் கார்டில் 70தான் இருக்கிறது, 330ஐ வாங்கு. பிள்ளைக்கும் அதையே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

போக்கிமானில் அந்த 330 இலவசமாகக் கிடைப்பதில்லை. அதற்கு மூன்று இடங்களில் விலை கொடுக்கிறீர்கள். முதலில், அதைக் களத்துக்குக் கொண்டுவர சார்மாண்டரைப் போட்டு, ஒரு சுற்றாவது காத்திருந்து, மேலே சார்மிலியனையோ ரேர் கேண்டியையோ வைத்துப் பிறகுதான் சாரிசார்டை வைக்க முடியும். அதுவரை உங்கள் பக்கம் நின்று அடி வாங்குவது சின்னச் சார்மாண்டர்தான். இரண்டாவதாக, கையிலிருந்து எனர்ஜி ஒரு சுற்றுக்கு ஒன்றுதான் வைக்கலாம். மூன்று எனர்ஜி கேட்கும் தாக்குதல் என்றால், வேறு உதவி இல்லாவிட்டால், மூன்று சுற்று போய்விட்டது. எதிராளி சும்மா இருப்பாரா? மூன்றாவதுதான் பெற்றோர் யாரும் கவனிக்காதது. இ.எக்ஸ் வீழ்ந்தால் எதிராளி ஒன்றுக்குப் பதில் 2 பரிசு கார்டுகளை எடுப்பார். மொத்தம் 6தான், அத்தனையையும் எடுத்துவிட்டவர் ஜெயித்தார். மூன்று இ.எக்ஸ் விழுந்தால் ஆட்டம் முடிந்தது, எழுந்திருக்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு, பலவீன வகை எதிரே வந்தால் அடி இரட்டிப்பாகும். இந்தச் சாரிசார்டுக்குப் புல் வகை ஆகாது. புல் தாக்குதலுக்கு முன்னால் அந்த 330, 165 போலத்தான் நிற்கும்.

இது இன்றைய கதையும் அல்ல. 1996ல் ஜப்பானில் வந்த முதல் தொகுப்பிலேயே சாரிசார்ட் இருந்தது. 120 எச்.பி., ஒரே தாக்குதலில் 100 அடி. ஆங்கிலப் பதிப்பு 1999ல் வந்தபோது பிள்ளைகள் எல்லோரும் அதைத் தேடி அலைந்தார்கள். அந்தத் தாக்குதலுக்கு நான்கு எனர்ஜி வேண்டும். அடித்ததும் இரண்டைக் களைந்துவிட வேண்டும். அதே காலத்தில் போட்டிகளில் ஆதிக்கம் செலுத்திய 'ஹேமேக்கர்' கட்டில் என்ன இருந்தது? ஹிட்மான்சான், எலக்டாபஸ், ஸ்கைதர். மூன்றும் பரிணாமமே தேவைப்படாத அடிப்படைப் போக்கிமான்கள், ஒவ்வொன்றும் 70 எச்.பி. ஹிட்மான்சான் ஒரே எனர்ஜியில் 20 அடி கொடுக்கும். சாரிசார்ட் வைத்திருந்தவர் சார்மாண்டரை வளர்த்துக்கொண்டிருக்கும்போதே இவை அடித்து முடித்துவிடும். மீதிக் கார்டுகளில் பெரும்பாலானவை எதிராளியின் எனர்ஜியைப் பிடுங்குபவையும் புதுக் கார்டு எடுக்கவைப்பவையும்தான். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகியும் இன்னும் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சாரிசார்ட் மோசமான கார்டு என்று நான் சொல்லவில்லை. 2023ல் வந்த சாரிசார்ட் இ.எக்ஸ் அருமையான கார்டு. பரிணமித்து இறங்கும்போதே கட்டிலிருந்து 3 நெருப்பு எனர்ஜி வரை தேடி எடுத்து வைத்துக்கொள்ளும். பெரிய போட்டிகளில் அதை ஆடியவர்களின் கட்டைப் பாருங்கள். சாரிசார்ட் இரண்டோ மூன்றோதான் இருக்கும். சார்மாண்டர் அதற்குக் குறையாமல் இருக்கும். ரேர் கேண்டி நான்கு. எந்தக் கார்டையும் தேடித்தரும் பிட்ஜியாட் இ.எக்ஸ் பக்கத்தில் நிற்கும். மீதி இடத்தையெல்லாம் படத்துக்காக யாரும் வாங்காத டிரெய்னர் கார்டுகள் அடைத்துக்கொண்டிருக்கும். கட்டு என்பது அதுதான். பிள்ளைகள் கொண்டுவருவது ஆல்பம்.

கணக்கு பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். தாண்டாமல் இருந்தால் நல்லது. 60 கார்டில் ஒரு கார்டை ஒன்றே ஒன்று வைத்தால், தொடக்கத்தில் எடுக்கும் 7ல் அது வருவதற்கு வாய்ப்பு சுமார் 12 சதவீதம். அதே கார்டு பரிசுக்காகக் கவிழ்த்து வைக்கும் 6ல் போய் மாட்டிக்கொள்ள 10 சதவீதம். நான்கு வைத்தால் முதல் கையில் ஒன்றாவது வர 40 சதவீதம். ஒரே பெயரில் நான்குக்கு மேல் வைக்கக் கூடாது, அடிப்படை எனர்ஜிக்கு மட்டும் விலக்கு. ஆகவே கட்டுக்கு உயிரான கார்டை நான்கு வையுங்கள். "எல்லாவற்றிலும் ஒவ்வொன்று இருக்கட்டும் அண்ணா" என்று சொல்லும் தம்பிகளே, அந்த ஒவ்வொன்றும் தேவைப்படும் நேரத்தில் வராது. அடிப்படைப் போக்கிமான்களின் எண்ணிக்கையும் இப்படித்தான். கட்டில் 4 மட்டும் இருந்தால் முதல் கையில் ஒன்றுகூட இல்லாமல் போக 60 சதவீத வாய்ப்பு; 8 இருந்தால் 35; 12 இருந்தால் 19. இல்லாமல் போகும் ஒவ்வொரு முறையும் கையைக் காட்டிவிட்டுத் திரும்பக் கலைக்க வேண்டும், எதிராளி கூடுதலாக ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே தானம்.

பிறகு டிரெய்னர் கார்டுகள். புரொஃபசர்ஸ் ரிசர்ச் என்றொரு கார்டு: கையில் உள்ள அனைத்தையும் களைந்துவிட்டுப் புதிதாக 7 எடு. இதைப் பார்த்ததும் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். "நல்ல கார்டையெல்லாம் ஏன் அண்ணா தூக்கிப் போடணும்?" இந்தப் பயம் போகாதவரை ஆட்டம் வராது. கையில் தேங்கி நிற்கும் கார்டுக்கு மதிப்பே இல்லை. நெஸ்ட் பால் ஓர் அடிப்படைப் போக்கிமானைக் கட்டிலிருந்து நேராகப் பெஞ்ச் என்னும் பின்வரிசையில் கொண்டுவந்து வைக்கும். அல்ட்ரா பால் இரண்டு கார்டைக் களையச் சொல்லி, எந்தப் போக்கிமானையும் தேடித்தரும். பாஸஸ் ஆர்டர்ஸ் எதிராளியின் பெஞ்சில் பதுங்கியிருப்பதை முன்னால் இழுத்து நிறுத்தும். இதுவும் ரிசர்ச்சும் சப்போர்ட்டர் என்ற டிரெய்னர் வகை, அதை ஒரு சுற்றுக்கு ஒன்றுதான் ஆடலாம். அதனால் சப்போர்ட்டரை மட்டும் குவிக்காமல் மற்றவற்றோடு கலந்து வையுங்கள். புதிதாகக் கட்டுபவருக்கு நான் சொல்லும் அளவு: போக்கிமான் 15 முதல் 20, எனர்ஜி 8 முதல் 12, மீதி டிரெய்னர். எனர்ஜி ஒரு வண்ணம், மிஞ்சினால் இரண்டு. நான்கு வண்ணத்தில் வைத்துவிட்டுத் தேவையான வண்ணம் வரவில்லை என்று என்னிடம் முறையிடாதீர்கள்.

இனி, தங்க கார்டு. இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வராமல் இருப்பதில்லை. ஏற்காட்டுக்குச் சுற்றுலா போய்க் கொண்டை ஊசி வளைவுகள் 20ஐயும் இறங்கி வரும் குடும்பங்கள், வழியில் ஏதோ ஒரு கடையில் நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு 55 தங்க நிறக் கார்டுகள் கொண்ட பெட்டியை வாங்கி வருகின்றன. மறுநாள் பிள்ளை அதை என் மேசையில் விரிக்கிறான். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளித் தொழில் செய்யும் ஒருவர் தன் பேரனோடு வந்தார். டச் (வெள்ளியின் சுத்தம்) பார்க்காமல் ஒரு கொலுசைக் கையில் வாங்காத மனிதர், இந்தப் பெட்டியை மட்டும் அட்டையில் போட்டிருந்த படத்தை நம்பி வாங்கியிருக்கிறார்.

அவை போலி. ஆட்டத்துக்குச் செல்லாது, சேகரிப்புக்கும் ஆகாது. கண்டுபிடிப்பது கடினமும் அல்ல. எழுத்துப் பிழை இருக்கும், தாக்குதல் விளக்கம் பொருளே இல்லாமல் இருக்கும், எச்.பி. நம்ப முடியாத எண்ணாக இருக்கும். பின்பக்க நீலம் வெளிறியோ அடர்ந்தோ இருக்கும். அசல் கார்டின் விளிம்பை உற்றுப் பார்த்தால் இரண்டு தாள்களுக்கு நடுவே கருமையான மெல்லிய அடுக்கு தெரியும். நிறுவனமே தங்க நிற உலோகக் கார்டு வெளியிட்டிருக்கிறதே என்று விவரம் தெரிந்த பிள்ளைகள் மடக்குவார்கள். உண்மைதான், 2021ல் ஒரு சிறப்புப் பெட்டியில் வந்தது. அதைக்கூடப் போட்டியில் ஆட முடியாது, அலமாரியில்தான் வைக்கலாம்.

அசல் பாக்கெட்டாகவே வாங்கிக் குவிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாக்கெட் விற்பவன் நான், நானே சொல்கிறேன்: கட்டு கட்டுவதற்காகப் பாக்கெட் உடைக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கும் என்று எனக்கும் தெரியாது. பிரித்துப் பார்க்கும் சந்தோஷத்துக்காக மாதம் ஒன்று வாங்கினால் தவறில்லை. கட்டுக்குத் தேவையான கார்டைத் தனியாகப் பெயர் சொல்லி வாங்குங்கள். பளபளப்பு இல்லாத சாதாரணப் பதிப்பும் அதே வேலையைத்தான் செய்யும், விலை பல மடங்கு குறைவு. முதல் முறை ஆடுபவர் என்றால் பேட்டில் அகாடமி பெட்டி ஒன்று போதும். அதில் ஆடத் தயாராக மூன்று கட்டுகள் இருக்கும், அண்ணன் தங்கை இருவருமே ஆடலாம். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் கார்டின் கீழ் மூலையில் இருக்கும் சிறிய ஆங்கில எழுத்தைப் பாருங்கள். பழைய எழுத்துகள் காலப்போக்கில் போட்டியிலிருந்து விலக்கப்படும். பெரியப்பா மகன் கொடுத்த பழைய கார்டு வீட்டில் ஆட நன்றாக இருக்கும், போட்டியில் ஏற்கமாட்டார்கள்.

கைபேசியில் ஆடிப் பழகி வருபவர்கள் தனி ரகம். 2024 அக்டோபரில் வந்த போக்கிமான் டி.சி.ஜி. பாக்கெட் செயலியில் கட்டு 20 கார்டுதான், ஒரே பெயரில் 2தான், எனர்ஜி தானாக வரும், 3 புள்ளியில் ஆட்டம் முடியும், முதல் கையில் அடிப்படைப் போக்கிமான் கட்டாயம் இருக்கும். அதை நம்பி மேசைக்கு வந்து, எனர்ஜி கார்டே இல்லாத கட்டை நீட்டுகிறார்கள். அது வேறு ஆட்டம், தம்பி.

ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பளபளப்புக் கார்டுகள் வளைந்து வருகின்றன. மலையின் ஈரத்தில் காகிதம் உப்பும், மேலே ஒட்டிய மினுக்குப் படலம் உப்பாது, கார்டு வில்லாகும். சேலத்து வெயிலுக்கு இறங்கியதும் மறுபக்கம் வளையும். கலைத்து வைத்த கட்டில் வளைந்த கார்டு எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே தெரியும். தெரிந்தால் நடுவர் அதை அடையாளமிட்ட கார்டாகத்தான் கருத வேண்டும். நீங்கள் ஏமாற்றவில்லை என்று எனக்குத் தெரியும், கண்ணு. எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. 60 கார்டுக்கும் ஒரே நிற உறை போடுங்கள். மூடி இறுகிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி எடுத்து வருபவர்களை என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

பள்ளியில் மாற்றிக்கொள்ளும் பழக்கத்தையும் பெற்றோர் கவனியுங்கள். மூத்த பையன் மினுங்கும் போலி ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சின்னப் பையனின் நல்ல டிரெய்னர் கார்டுகள் நான்கைந்தை வாங்கிப் போய்விடுகிறான். சின்னவன் வீட்டுக்கு வந்து பெருமையாகக் காட்டுகிறான், நீங்களும் பாராட்டுகிறீர்கள். மாற்றுவதற்கு முன் ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள், போதும்.

புதுக் கார்டு கேட்டு வருவதற்கு முன் வீட்டில் இதைச் செய்யுங்கள். கட்டைக் கலைத்து 7 எடுத்து, எதிராளி இல்லாமல் தனியாக மூன்று சுற்று ஆடிப் பார்க்கட்டும். மூன்றாவது சுற்றுக்குள் ஒரு தாக்குதலாவது செய்ய முடிந்ததா? பத்து முறை ஆடி, முடியாதபோதெல்லாம் எந்தக் கார்டு இல்லாததால் நின்றது என்று குறித்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பையும், கட்டில் இருக்கும் கார்டுகளின் பெயர், எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். போட்டிகளிலும் அப்படியொரு பட்டியல் கேட்பார்கள், எழுதிப் பழகட்டும். தாளைப் பார்த்துவிட்டு எது வேண்டும் என்று சொல்கிறேன். பெரும்பாலும் நெஸ்ட் பால் இரண்டு என்பேன். பர்ஸை அவ்வளவு அகலமாகத் திறக்க வேண்டியிருக்காது.