ஸ்லீப்பிங் பேக்: மூட்டிய போர்வைக்கு ஒரு தமிழ்ப்பெயர்

கொல்லிமலையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கப் புறப்படுகிறவர்கள் இப்போதெல்லாம் கம்பளியை விட்டுவிட்டு, உள்ளே புகுந்து படுக்கும் ஸ்லீப்பிங் பேக்கைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். என் மாமா பையன் அதைத் ‘தூங்கற பேக்கு’ என்பான். பொருள் நமக்குப் பழகிவிட்டது, பெயர்தான் இன்னும் அமையவில்லை. ‘பேக்’ என்ற சொல் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றவும் செய்கிறது. பை என்றதும், உள்ளே இருப்பதை நனையாமல் காக்கும் ஒன்று என்று மனம் எண்ணிக்கொள்கிறது. ஸ்லீப்பிங் பேக் அப்படிக் காக்காது. அதைத்தான் நாம் நனையாமல் காக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘ஸ்லீப்’ பழைய ஜெர்மானிய வேர்ச்சொல். ‘பேக்’ வடதிசையின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது என்பார்கள். ஜெர்மன்காரர்கள் ‘ஷ்லாஃப்சாக்’ என்கிறார்கள், தூக்கச் சாக்கு என்று பொருள். ஆனால் இந்தப் பொருள் விற்பனைக்கு வந்த காலத்தில் அதற்கு வைத்த பெயரில் பையும் இல்லை, சாக்கும் இல்லை. வேல்ஸ் நாட்டின் நியூடவுனில் கம்பளித் துணி வணிகம் செய்த பிரைஸ் ஜோன்ஸ் என்பவர் 1876இல் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். காற்றடைத்த ரப்பர் தலையணையோடு, மடித்து மூடிக்கொள்ளும் கம்பளி அது. ரஷ்யப் படைக்கும் அதை விற்றார். அவர் வைத்த பெயர் ‘யூக்லிசியா ரக்’. ரக் என்றால் தடித்த கம்பளி விரிப்பு. செய்தவர் அதைப் போர்வையாகத்தான் பார்த்திருக்கிறார்.

சரி, தமிழுக்கு வருவோம். தூக்கப்பை, துயில்பை, உறங்குபை என்று சொல்லிப் பார்க்கலாம். ‘தூக்கப்பை’ எனக்கு ஒட்டவில்லை. தூங்கு என்பதற்குப் பழைய பொருள் தொங்கு, அசை என்பது. தூக்கணாங்குருவியின் கூட்டைப் பார்த்தாலே தெரியும். குறளில் அது தாமதி என்ற பொருளிலும் வருகிறது. அது போகட்டும், எங்கள் ஊரில் தூக்குப்போசி என்று, கையில் தூக்கிப் போகும் பாத்திரம் ஒன்று வீட்டுக்கு வீடு உண்டு. தூக்கப்பை என்றால் கையில் தூக்கும் பை என்றுதான் காதில் விழும். ‘துயில்பை’ அழகான சொல், ஆனால் துயில் என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை.

‘உறங்குபை’ பொருந்துகிறது. உறங்குவது பையா, ஆளா என்று ஒருவர் கேட்கலாம். உண்கலம் என்ற பழைய சொல்லில் கலமா உண்கிறது? கலத்தில் நாம் உண்கிறோம். அதே போக்கில் உறங்குபையில் நாம் உறங்குகிறோம். வினைத்தொகையாக வாயில் எளிதாக நிற்கிறது. எழுத்தில் இதையே நான் பயன்படுத்துகிறேன்.

ஆனால் யாருக்காவது இதன் தன்மையை விளக்க வேண்டும் என்றால் வேறு சொல் சொல்வேன்: மூட்டுப்போர்வை. புது லுங்கி வாங்கினால் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைப்பதை ‘மூட்டுவது’ என்கிறோம் அல்லவா? சென்னிமலைப் போர்வை ஒன்றை அப்படி மூட்டி, கால்மாட்டையும் தைத்து, ஓரத்தில் ஜிப் வைத்தால் உறங்குபையின் உருவம் வந்துவிடும். இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே பஞ்சோ மென்சிறகோ இருக்கும், அவ்வளவுதான். மூட்டுப்போர்வை என்று சொன்ன உடனே, ‘அட, போர்வை நனையுமே’ என்ற எண்ணம் தானாக வருகிறது.

நனைந்தால் என்ன ஆகும்? போர்வை சூட்டை உண்டாக்குவதில்லை. உள்ளே அடைபட்ட காற்றுதான் நம் உடம்புச் சூடு வெளியேறாமல் பிடித்து வைக்கிறது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால், அது காற்றைப் போல் 20 மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்திவிடும். வாத்துச் சிறகு அடைத்த பை நனைந்தால் நிலைமை இன்னும் மோசம். நனைந்த கோழிக்குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? புசுபுசுவென்று உருண்டையாக இருந்தது, பாதியாகச் சுருங்கி எலும்பும் தோலுமாய் நடுங்கும். அந்தச் சிறகும் இந்தச் சிறகும் ஒரே வகைதான். பாலியெஸ்டர் பஞ்சு அடைத்த பை கனமாக இருந்தாலும், ஈரத்திலும் கொஞ்சம் சூடு தாங்கும், சீக்கிரம் உலரும். மழையும் பனியும் உள்ள நம் மலைகளுக்கு, விலையும் குறைவான அதுவே போதும் என்பது என் எண்ணம்.

ஒரு டிசம்பர் மாதம் கொல்லிமலையில் தெரிந்தவர் மிளகுத் தோட்டத்தில் தங்கினோம். மழை ஒரு சொட்டு இல்லை. குளிருக்குப் பயந்து கூடாரத்தின் காற்றுத் திறப்பு எல்லாவற்றையும் மூடிவிட்டு, உறங்குபைக்குள் தலையையும் இழுத்துக்கொண்டு படுத்தேன். விடியற்காலை நாலு மணிக்குக் கால் விறைத்து விழிப்பு வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் கூடாரத்தின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். கால்மாடு துணிச்சுவரில் ஒட்டிக் கிடந்ததால், அந்த முத்தெல்லாம் உறங்குபையில் இறங்கி அரை முழத்துக்குத் தொப்பலாக நனைத்திருந்தது. முகம் பட்ட இடமும் ஈரம். கூடாரம் ஒழுகுகிறது என்று மாமா பையன் அடித்துச் சொன்னான். ஒழுகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் விட்ட மூச்சுதான் அது. ஓர் இரவில் ஓர் ஆள் மூச்சிலும் தோலிலும் ஒரு டம்ளர் அளவுக்காவது நீரை வெளியே விடுகிறான். அது போக வழி வேண்டும்.

அண்டார்டிகாவில் 1911இன் குளிர்காலத்தில், தென்துருவத்துக்குப் பயணம் போன ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த மூன்று பேர் பென்குயின் முட்டை தேடி இருட்டில் நடந்தார்கள். அவர்களுடைய மான்தோல் உறங்குபைகள் அவர்களின் வியர்வையாலும் மூச்சாலுமே ஈரமாகி, உறைந்து பலகையாகிவிட்டன. மழையே பெய்யாத ஊரிலும் இந்தக் கதி.

அதனால் தலைக்குக் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு மூக்கையும் வாயையும் வெளியே வையுங்கள். குளிர்ந்தாலும் கூடாரத்தின் மேல் திறப்பு திறந்திருக்கட்டும். பகலில் வியர்த்த பனியனோடு உள்ளே போகாதீர்கள். நனைந்த சாக்ஸை உள்ளே வைத்துக் காயவைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அந்த ஈரமும் பைக்குத்தான் போகும். எங்கள் பக்கம் ‘பள்ளம்’ என்றால் ஓடை என்றும் பொருள். பள்ளத்தோரம் கூடாரம் போடாதே என்பதை இரண்டு பொருளிலும் எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த காற்றும் பனியும் தாழ்ந்த இடத்தில்தான் தேங்கும்.

அடியில் விரிப்பது தார்ப்பாய். இந்தச் சொல்லை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆங்கிலத்தின் ‘டார்பாலின்’, தார் பூசிய கித்தான் துணி. நம் ஆட்கள் ‘டார்’ என்பதைத் தார் ஆக்கி, ‘பாலின்’ என்ற வாலைப் பாய் ஆக்கிவிட்டார்கள். பாய் என்றால் விரிப்பு, பாய்மரத்துப் பாயும் அதுதான். கப்பலில் பிறந்த துணிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. விரிக்கும்போது அதன் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் கூரையில் வழியும் மழை அதில் விழுந்து, நேராக உங்கள் முதுகுக்கு அடியில் வந்து தேங்கும். மிச்சத்தை உள்பக்கமாக மடித்துவிடுங்கள். கூடாரத்துக்குள் ஒரு மெத்தை அட்டையோ கோரைப்பாயோ போட்டு, அதன்மேல் உறங்குபை.

போகும் வழியில் மழை பிடித்தால்? இங்கேதான் எங்கள் சொல் ஒன்றைக் கொடுக்க ஆசை: கொங்காடை. சாக்கின் ஒரு மூலையை எதிர் மூலைக்குள் திணித்துத் தலையில் மாட்டிக்கொள்வது. என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, பட்டியில் ஆட்டுக்குக் காவல் படுக்கும் நாளில், மழை வந்தால் கொங்காடை அவருக்கு, கம்பளி சுருட்டிக் கக்கத்தில். “நானு நனஞ்சாத் தொடச்சுக்கலாங் கண்ணு, கம்பளி நனஞ்சா ராத்திரிக்கு என்ன பண்றது?” என்பார். முதுகுப்பைக்கு மாட்டும் மழை உறைக்குக் கொங்காடை என்றே பெயர் வைக்கலாம். குறையும் ஒன்றுதான்: கொங்காடை முதுகைக் காக்கும், முன்பக்கம் திறந்திருக்கும். மழை உறையும் வெளிப்பக்கத்தை மூடும், நம் முதுகு ஒட்டும் பக்கத்தை விட்டுவிடும், அந்த வழியாக நீர் இறங்கும். ஆகவே உறங்குபையைத் தடித்த பாலித்தீன் பைக்குள் வைத்து, வாயை முறுக்கி மடித்துக் கட்டி, அதற்கப்புறம் முதுகுப்பைக்குள் வையுங்கள். வாயைச் சுருட்டிப் பூட்டும் நீர்புகாப் பை இருந்தால் மூன்று சுற்றாவது சுருட்ட வேண்டும். கூடாரம் நின்று முடியும்வரை அதை வெளியே எடுக்க வேண்டாம்.

காலையில் வெயில் வந்ததும் ஜிப்பைத் திறந்து, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிக் கொடியில் போடுங்கள். அப்புச்சி விடிந்ததும் பல்லுக்குச்சி ஒடிப்பதற்கு முன்னாலேயே கம்பளியை வேலிப்படல்மேல் விரித்துவிடுவார், வெயில் ஏறினதும் ஒரு தடவை திருப்பிப் போடுவார். அவசரத்தில் ஈரத்தோடு சுருட்டி வர நேர்ந்தால், வீடு வந்ததும் முதல் வேலை மொட்டை மாடி. நன்றாக உலர்ந்த பிறகும் சின்னப் பையில் திணித்து மாதக்கணக்கில் வைக்காமல், பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.