நோட்டோவில் முகப்பு நின்றது, தூண் சரிந்தது

"அந்தக் காலத்துக் கட்டடம் சார், அசையாது." பழைய கோயில், தேவாலயம், பங்களா என்று எதைப் பரிசோதிக்கப் போனாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. கட்டமைப்புப் பொறியாளரான எனக்கு இந்த நம்பிக்கையோடு மல்லுக்கட்டுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. அப்படிச் சொல்பவர்களிடம் நான் எடுத்துச் சொல்லும் ஊர், இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் நோட்டோ.

1693 ஜனவரி 9 அன்று தென்கிழக்கு சிசிலி ஒருமுறை ஆடியது. இரண்டு நாள் கழித்து, 11ஆம் தேதி, இத்தாலிய வரலாற்றின் மிகப் பெரிய நிலநடுக்கங்களில் ஒன்று வந்தது. ஏறக்குறைய 60,000 பேர் இறந்தார்கள். கத்தானியா நகரில் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் போய்விட்டார்கள். மலை உச்சியில் இருந்த பழைய நோட்டோவைச் சுமார் 8 கிலோமீட்டர் தள்ளி, கடல் பக்கமாக இறங்கும் ஒரு சரிவில் புதிதாக எழுப்ப முடிவானது. அது சுமுகமாக நடக்கவில்லை, இடம் மாறுவதா வேண்டாமா என்று ஊருக்குள் பல ஆண்டுகள் தகராறு.

அப்போது சிசிலி ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. மறுகட்டுமானப் பொறுப்பு கமாஸ்த்ரா கோமகனான ஜுசெப்பே லான்சாவிடமும் இராணுவப் பொறியாளர் கார்லோஸ் தெ கிருனன்பெர்கிடமும் வந்தது. ஆனால் அரசாணையை வைத்துக் கல் வாங்க முடியாதே, கையில் காசு வேண்டும். அது இருந்தது ஒன்று பிரபுக்களிடம், இன்னொன்று கத்தோலிக்கத் துறவற சபைகளிடம். நிலநடுக்கம் மடங்களைத்தான் இடித்தது. அவற்றின் கோதுமை நிலங்களை ஒன்றும் செய்யவில்லை. குத்தகை தொடர்ந்து வந்தது. பெரிய வீட்டுப் பெண்கள் கன்னியர் மடத்தில் சேரும்போது கொண்டுவரும் சீர்ப்பணமும் வந்தது. பேரழிவுக்குப் பிறகு ஊரின் உருவத்தைத் தீர்மானிப்பது வரைபடம் போடுபவரைவிடப் பணம் கட்டுபவர்தான் என்று நான் நினைப்பதற்கு இந்த ஊர்கள் நல்ல சாட்சி.

பணம் மட்டுமல்ல, ஆளும் சபைகளிலிருந்தே வந்தார்கள். அவோலா நகரத்துக்கு அறுகோணத் திட்டம் வகுத்த ஆஞ்ஜெலோ இத்தாலியா இயேசு சபையின் சகோதரர். நோட்டோவின் திட்டத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. கிராமிக்கேலே ஊரின் அறுகோணமும் ஒரு பிரபுவும் ஒரு துறவியும் சேர்ந்து போட்டதுதான்.

நோட்டோவின் பிரதான வீதியில் நடந்தால் சபைகளின் போட்டி தெரியும். உயரமான படிக்கட்டின் மேல் பிரான்சிஸ்கன் சபையின் கோயில். அருகிலேயே பெனடிக்ட் சபைக் கன்னியரின் பெரிய மடம், அதன் மாடக் கோபுரம். எதிர்ப்புறம் ரொசாரியோ காலியார்டி வடிவமைத்த சாந்தா கியாரா. உள்ளே நீள்வட்டக் கூடம். வெளியுலகம் பார்க்காத கன்னியர் மறைவாக நின்று பூசை காண மேலே கம்பி அழிக்குப் பின்னால் இடம். இன்னும் கொஞ்ச தூரத்தில் இயேசு சபையின் கல்லூரியும் கோயிலும். வீதியின் மேற்குப் பகுதியில் தொமினிக்கன் சபைக்காக அதே காலியார்டி செய்த கோயில், நடுப்பகுதி வயிறு தள்ளி முன்னால் வரும் முகப்போடு. எல்லாம் பொன்னிறச் சுண்ணாம்புக் கல். ஒருவர் முகப்பை வளைத்தால் அடுத்தவர் அதைவிட வளைக்கிறார். ஒரு வீதிக்கு இத்தனை மடம் எதற்கு என்று கேட்கத் தோன்றும்தான். ஆனால் அந்தப் போட்டி இல்லையென்றால் யுனெஸ்கோ 2002-இல் இந்த வட்டாரத்தின் எட்டு ஊர்களைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்குமா என்பது சந்தேகமே.

கத்தானியாவில் இதே போட்டி கருப்பு எரிமலைக் கல்லிலும் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லிலும் நடந்தது. அடுத்த முறை பூமி ஆடினால் மக்கள் ஓடி நிற்க இடம் வேண்டும் என்று அங்கே அகலமான வீதிகளும் சதுக்கங்களும் திட்டமிடப்பட்டன. நல்ல யோசனை. ஆனால் குரோச்சிஃபெரி வீதியில் பெனடிக்ட் சபைக் கன்னியரின் இரண்டு கட்டடங்களை இணைத்து, வீதிக்கு மேலேயே ஒரு வளைவு நிற்கிறது. கட்டிய ஆண்டு 1704. நிலநடுக்க ஆபத்தைச் சொல்லி நகராட்சி தடுத்துவிடும் என்று ஒரே இரவில் கட்டி முடித்தார்கள் என்பது உள்ளூர்க் கதை. ஒரே இரவில் கல் வளைவு கட்ட முடியாது என்பது வேறு விஷயம். விதி ஒரு பக்கம், செல்வாக்கு ஒரு பக்கம் என்பதை ஊர்க்காரர்கள் கதையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சரி, நோட்டோவுக்கு வருவோம். பிரதான வீதியின் நடுவில், அகலமான படிக்கட்டின் உச்சியில் இருப்பது புனித நிக்கோலா கோயில். இது எந்தச் சபைக்கும் சொந்தமில்லை. ஊரின் தலைமைக் கோயில், 1844 முதல் மறைமாவட்டப் பேராலயம். சுற்றிலும் சபைக் கோயில்கள் இப்படி நிமிர்ந்து நிற்கும்போது ஊர்க்கோயில் சிறிதாக இருக்க முடியுமா? 1996 மார்ச் 13 இரவு இதன் மாடக் குவிமாடத்தின் பெரும்பகுதியும் நடுக்கூடத்தின் கூரையும் இடிந்து விழுந்தன. அன்று நிலநடுக்கம் எதுவும் இல்லை. உள்ளே ஆள் இல்லாததால் உயிர்ச்சேதமும் இல்லை. முகப்பு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நின்றது.

பிறகு தூண்களை ஆராய்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வெளியே நன்றாகச் செதுக்கிய கல் வரிசை, உள்ளே ஆற்றில் உருண்ட கூழாங்கற்களும் மட்டமான காரையும். கோலிக்குண்டுகளைக் கொட்டி நிரப்பியது போன்ற தூண் அது. மேலிருந்து பாரம் அழுத்த அழுத்த, உருண்டைக் கற்கள் பக்கவாட்டில் தள்ளும். பாரமெல்லாம் வெளி ஓட்டின் மேல் விழும். அந்த ஓடு மெல்ல மெல்லச் செங்குத்தாகப் பிளக்கும். இது ஒரே நாளில் நடப்பதில்லை, ஆண்டுக்கணக்கில் நடக்கும். 1990 டிசம்பர் 13 நிலநடுக்கம் அதை இன்னும் மோசமாக்கியது. விரிசல்கள் முன்பே இருந்திருக்கின்றன, 1950களில் பூசிய புதிய பூச்சு அவற்றை மூடி மறைத்துவிட்டது. அதே காலத்தில்தான் மரக் கூரையைக் கழற்றிவிட்டுக் கான்கிரீட் கூரையும் போட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான்.

நம் ஊரிலும் நான் அடிக்கடி எதிர்கொள்வது இதைத்தான். மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட பழைய தளம்) ஒழுகுகிறது, தேக்கு உத்தரம் செல்லரித்துவிட்டது, "எடுத்துவிட்டு ஆர்.சி.சி. போட்டுவிடலாமா சார்?" கணக்கு இதுதான்: கான்கிரீட் கன மீட்டருக்கு 2,500 கிலோ. 5 அங்குலத் தளம் என்றால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 300 கிலோவுக்கு மேல். மர உத்தரம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கான்கிரீட் தளம் விறைப்பானது, பூமி ஆடினால் அதன் எடைக்கு ஏற்ற பக்கவாட்டு விசையைக் கீழே இருக்கும் சுவரின் தலையில் இறக்கும். அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தளம் போடுவதற்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை.

நோட்டோக்காரர்கள் பதினோரு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். தூண்களை முழுக்க வெட்டுக் கல்லில், சுண்ணாம்புக் காரையில் மறுபடி எழுப்பி, 2007-இல் பேராலயத்தைத் திறந்தார்கள். கான்கிரீட் எலும்புக்கூட்டைச் செருகி வேலையைச் சுருக்கியிருக்கலாம், செய்யவில்லை.

சபைகளின் கட்டடங்களுக்கு வேறு விதமான சோதனை. 1866 சட்டம் மடங்களைக் கலைத்துச் சொத்துகளை அரசுடைமையாக்கியது. கத்தானியாவின் மாபெரும் பெனடிக்ட் மடம் பள்ளிக்கூடமாகவும் படை முகாமாகவும் கிடந்து, 1977-இல் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. கட்டடக் கலைஞர் ஜன்கார்லோ தெ கார்லோ அதைப் புதுப்பித்தார். கூரையேறி ஓடு மாற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் போய்விட்டால், அடுத்து வருபவர் முதலில் செய்வது பெரும்பாலும் பெயின்ட் அடிப்பதுதான்.

உங்கள் பராமரிப்பில் பழைய கல் கட்டடமோ செங்கல் கட்டடமோ இருந்தால், தூணில் மேலிருந்து கீழாக ஓடும் விரிசலைப் பூச்சு விரிசல் என்று விட்டுவிடாதீர்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் சிமென்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். கொத்தனாரை அனுப்பிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அதுவரை அந்தத் தூணுக்கு மேலே எந்தப் பாரமும் ஏற்ற வேண்டாம்.