ஹேமக்: ஊஞ்சலா, கட்டிலா, தூளியா?

இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு துணியைக் கட்டி அதில் படுத்துக்கொள்கிறோமே, அதைக் கடைக்காரர்கள் 'ஹேமக் ஊஞ்சல்' என்று விற்கிறார்கள். கொஞ்சம் தமிழ் ஆர்வம் உள்ளவர்கள் 'தொங்கு கட்டில்' என்கிறார்கள். இதில் எந்தப் பெயர் பொருந்தும் என்று பார்ப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. ஊஞ்சல் என்று நினைப்பவர் ஒரு மாதிரி கட்டுவார், கட்டில் என்று நினைப்பவர் வேறு மாதிரி கட்டுவார். காலையில் இருவருக்குமே முதுகு வலிக்கும்.

முதலில் ஹேமக் என்ற சொல். இது ஐரோப்பியச் சொல்லே கிடையாது. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் மொழியிலிருந்து 'அமாக்கா' என்ற ஒலிப்பில் ஸ்பானிய மொழிக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் பரவியது. 1492இல் பஹாமா தீவுகளில் இறங்கிய கொலம்பஸ், அங்குள்ளவர்களின் படுக்கை பருத்தி நூலில் பின்னிய வலை போல இருந்ததாகத் தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஈரமும் பூச்சியும் பாம்பும் உள்ள நிலத்தில் தரையில் படுக்காமல் இருக்க அவர்கள் கண்ட வழி அது. தைனோ மொழியிலிருந்து உலகத்துக்கு வந்த மற்ற சொற்களும் நமக்குப் புதியவை அல்ல. பார்பிக்யூ அங்கிருந்து வந்ததுதான். புயலைக் குறிக்கும் ஹரிக்கேனும் அங்கிருந்து வந்ததே. மின்சாரம் போனால் பாட்டி ஏற்றிய அரிக்கேன் விளக்கு வழியாக ஒரு தைனோ சொல் நம் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்துவிட்டது.

ஐரோப்பாவுக்குள் போனதும் இந்தச் சொல்லுக்கு ஒரு வேடிக்கை நடந்தது. டச்சுக்காரர்கள் காதில் விழுந்த ஒலியைத் தங்களுக்குப் புரிகிற மாதிரி திருத்தி 'ஹாங்மாட்' ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் அதற்குத் 'தொங்கும் பாய்' என்று பொருள். ஜெர்மானியர்களின் 'ஹேங்கமாட்டே'யும் அதே கதை. மூலச் சொல்லில் தொங்குவதும் இல்லை, பாயும் இல்லை. போர்த்துகீசியர்கள் மட்டும் இந்தச் சொல்லை விட்டுவிட்டு, 1500இல் பிரேசில் கரையில் பார்த்ததை 'வலை' என்று தங்கள் சொல்லாலேயே குறித்தார்கள். பிரேசிலில் இன்றைக்கும் அதன் பெயர் வலைதான்.

இதைக் கப்பலுக்குள் கொண்டுபோனவர்கள் மாலுமிகள். கப்பல் உருளும்போது கட்டிலில் படுத்திருப்பவன் கீழே விழுவான். ஹேமக்கில் இருப்பவன் கப்பலோடு சேர்ந்து ஆடிவிட்டுப் பேசாமல் தூங்குவான். இங்கிலாந்துக் கடற்படையில் 16ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே இது இடம்பிடித்துவிட்டது. பிற்காலத்தில் ஓர் ஆளுக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலம்தான். பகலில் சுருட்டிக் கப்பலின் விளிம்போரம் அடுக்கிவிடுவார்கள். சண்டை வந்தால் துப்பாக்கிக் குண்டுக்கு அதுவே தடுப்பு.

சரி, தமிழுக்கு வருவோம். பழைய தமிழில் 'தூங்கு' என்றாலே தொங்கு, ஆடு என்றுதான் பொருள். உறக்கம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. தூங்கணாங்குருவியின் பெயர் அதன் தொங்கும் கூட்டால் வந்தது. 'தூங்கெயில் எறிந்த தொடித்தோட் செம்பியன்' என்ற சோழனின் பெயரில் இருக்கும் தூங்கெயில், வானில் தொங்கிய கோட்டை. யாரும் அங்கே உறங்கவில்லை. தொங்கவிடுவதற்குரிய 'தூக்கு' இதன் பிறவினை. ஆக, தொங்கிக்கொண்டே உறங்கும் படுக்கைக்குப் பெயர் வைக்கத் தமிழை விட வசதியான மொழி இருக்காது. 'தூங்குபடுக்கை' என்று சொன்னால் இரண்டு பொருளும் ஒன்றாகக் கிடைக்கும். ஆனால் இன்றைய காதுக்கு அது சும்மா 'தூங்குகிற படுக்கை' என்றுதான் கேட்கும். அதனால் என் ஓட்டு அதற்கு இல்லை.

என் ஓட்டு 'தூளி'க்கு. அம்மாவின் பழைய சேலையை விட்டத்தில் கட்டிக் குழந்தையைப் போடுகிறோமே, அந்தத் தூளி. ஈழத்தில் இதை ஏணை என்பார்கள். ஊஞ்சலுக்குப் பலகை வேண்டும், கட்டிலுக்குச் சட்டம் வேண்டும். தூளிக்குத் துணியும் கயிறும் போதும். படுப்பவரின் எடையே அதன் வடிவத்தைத் தீர்மானிக்கும். ஹேமக்கும் அப்படித்தான். ஒரு வித்தியாசம் உண்டு. வீட்டுத் தூளியில் துணியின் இரு முனைகளும் மேலே ஒரே இடத்தில் சேரும். ஹேமக்கில் ஆளுக்கொரு மரத்துக்குப் போகும். பெரியவர்கள் தூளியில் படுப்பதா என்று சிரிப்பவர்களுக்காகத் 'தூளிப்படுக்கை' என்று சொல்லலாம். பேச்சில் அது தானாகத் தூளி என்று சுருங்கிவிடும்.

இந்தப் பெயரில் எனக்குப் பிடித்த விஷயம், அதைக் கட்டும் முறையும் அதற்குள்ளேயே இருப்பது. தூளியை யாரும் விறைப்பாகக் கட்ட மாட்டார்கள். தளர்வாக, குழிவாகத்தான் கட்டுவார்கள். காட்டில் முதன்முறை ஹேமக் கட்டுபவர்களோ கொடிக்கயிறு மாதிரி இழுத்துக் கட்டுகிறார்கள், படுக்கை தட்டையாக இருக்கட்டும் என்று. நடப்பது நேர்மாறு. ஏறிப் படுத்ததும் துணியின் இரு ஓரங்களும் தோளை நெரிக்கும், உடம்பு வாழைப்பழமாக வளையும், ஒரு புரளலில் தரையில் கிடப்போம்.

கட்டும் வாருக்கும் கிடைக்கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ 30 பாகை சாய்வு இருக்க வேண்டும். அந்தச் சாய்வில் 70 கிலோ ஆள் படுத்தால் ஒவ்வொரு வாரிலும் விழும் இழுவிசையும் அதே 70 கிலோ அளவுதான். 10 பாகைக்கு இழுத்துக் கட்டினால் அது 200 கிலோவாகும். 5 பாகையில் 400 கிலோவாகும். முடிச்சு அவிழ்வதும் தையல் பிரிவதும் சின்ன மரம் சாய்வதும் இதனால்தான். காட்டில் கோணமானி கிடையாது, அதனால் கையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். கட்டைவிரலை நேராக மேலே நிமிர்த்தி, ஆள்காட்டி விரலைக் கிடையாக நீட்டுங்கள். இரு விரல் நுனிகளையும் தொட்டுக்கொண்டு வார் போனால் சாய்வு சரி.

மரங்கள் 12 முதல் 15 அடி இடைவெளியில் இருந்தால் நல்லது. அவற்றில் ஏறக்குறைய ஆறடி உயரத்தில் வாரைச் சுற்றினால், ஏறி உட்காரும்போது அடிப்பகுதி நாற்காலி உயரத்துக்கு வரும். அதற்கு மேல் உயர்த்துவது வீரம் இல்லை. கயிற்றை நேரடியாக மரத்தில் சுற்றினால் பட்டைக்கு அடியிலிருக்கும் வளரும் அடுக்கு நசுங்கிவிடும். அதனால் குறைந்தது ஓர் அங்குலம் அகலமுள்ள வார் வேண்டும், அதுவும் பாலியெஸ்டர் வார். நைலான் வார் பாரத்தில் நீளும். இடுப்பு உயரத்தில் தூங்கப் போனவர் விடியும்போது தரையைத் தொட்டுக்கொண்டிருப்பார். கட்டுவதற்கு முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். பட்ட கிளை ஒன்று தலைக்கு மேல் இருந்தால் அந்த மரம் வேண்டாம்.

வாங்கும்போது பலரும் அகலத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள், 'இருவர் படுக்கலாம்' என்று எழுதியிருப்பதால். உண்மையில் பார்க்க வேண்டியது நீளம். தூளியில் நேராகப் படுக்கக் கூடாது, மூலைவாட்டில் படுக்க வேண்டும். தலை ஒரு பக்கம், கால் மறுபக்கம் என்று நடுக்கோட்டிலிருந்து விலகினால் முதுகு கிட்டத்தட்ட சமமாகிவிடும். தென் அமெரிக்காவிலும் மெக்சிகோவின் யுகடான் பகுதியிலும் பிறந்ததிலிருந்தே இதில் தூங்குபவர்கள் அப்படித்தான் படுக்கிறார்கள். இதற்குச் சராசரி உயரமுள்ளவருக்குக் கூட 11 அடி நீளத் துணி வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 9 அடித் துணியில் மூலைக்கு இடமே இருக்காது. அனுபவசாலிகள் தூளியின் இரு முனைகளையும் இணைத்து ஒரு மெல்லிய கயிற்றையும் கட்டிவைக்கிறார்கள். அதன் நீளம் துணியின் நீளத்தில் 83 சதவீதம், அதாவது 11 அடிக்கு ஒன்பது அடியைக் கொஞ்சம் தாண்டி. மரங்கள் கிட்டத்தில் இருந்தாலும் எட்ட இருந்தாலும் தூளியின் தொய்வு அப்போது மாறாது.

இனி மேலே போடும் கூரை. இதற்கு நம்மிடம் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: தார்ப்பாய். ஆங்கிலத்தின் டார்பாலின், கப்பல்காரர்கள் கித்தானில் தார் பூசி மழைக்குப் போர்த்திய துணி. அங்கே 'பாலின்' என்ற பகுதிக்குப் போர்வை என்று பொருள். டச்சுக்காரர்கள் அமாக்காவைப் பாயாக்கியது போல நாமும் பாலினைப் பாயாக்கிக்கொண்டோம் என்பது என் கணிப்பு. ஆனால் நம் திருத்தம் அவர்களுடையதை விடப் பொருத்தமாக விழுந்திருக்கிறது. தமிழில் பாய் என்றால் கோரைப்பாய் மட்டுமல்ல, கப்பல் பாயும்தான். புறநானூற்றின் 30ஆம் பாட்டில் புகாருக்குள் நுழையும் பெருங்கலம் தன் 'மீப்பாய்' களையாமலே வருகிறது. தார் பூசிய கப்பல் பாய்தான் உண்மையான டார்பாலின், நாம் வைத்த பெயரும் அதையே சொல்கிறது. தாருக்கும் பழைய தமிழ்ச் சொல் உண்டு, கீல். நிலக்கீல் என்று சாலை போடுகிற தாரைப் பாடநூல்கள் சொல்வது இதை வைத்துத்தான். அதற்காகக் 'கீற்பாய்' என்று தொடங்கினால் யாருக்கும் புரியாது, விட்டுவிடலாம்.

தமிழ்நாட்டில் லாரிக்காரர்கள் இதைப் படுதா என்பார்கள். ஈழத்தில் தறப்பாள். போரில் இடம்பெயர்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது தறப்பாள் கொட்டில்களில் என்பதால், அங்கே அந்தச் சொல்லுக்கு மலையேற்றத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத கனம் இருக்கிறது.

மலையேறுபவர்கள் சுமக்கும் தார்ப்பாயில் தார் துளியும் இல்லை. சிலிக்கான் பூசிய நைலான் அல்லது பாலியெஸ்டர். மடித்தால் ஒரு தண்ணீர் பாட்டில் அளவு. நைலான் நனைந்தால் தொய்ந்துவிடும், நடு இரவில் எழுந்து இழுத்துக் கட்ட வேண்டும். பாலியெஸ்டர் அந்த அளவுக்குத் தொய்வதில்லை, அதனால் மழைக்காட்டுக்கு நான் அதையே சொல்வேன். தூளியின் முனைகளை விட இருபுறமும் அரை அடியாவது நீண்டிருக்க வேண்டும். 11 அடித் தூளிக்கு 11 அடிப் பாய் போதும், ஏனென்றால் கட்டிய பிறகு தூளி ஒன்பது அடிக்குச் சுருங்கிவிடுகிறது.

வீட்டுக் கூரையின் உச்சி முகடு. தார்ப்பாயின் உச்சியில் ஓடும் கயிறு முகட்டுக்கயிறு. அதைத் தூளியின் வாரோடு சேர்க்காமல் தனியாக, விறைப்பாகக் கட்ட வேண்டும். தூளி தளர்வு, முகடு விறைப்பு. லாரியில் சுமைக்கு மேல் போடும் இழுவை முடிச்சு இதற்குக் கச்சிதம். பாயை முகட்டுக்கயிற்றில் இங்குமங்கும் நகர்த்த உதவும் புரூசிக் முடிச்சு, கார்ல் புரூசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931இல் அறிமுகப்படுத்தியது. மூலைகளை இழுகயிற்றால் தரையில் முளையடித்துக் கட்டுங்கள், காற்று வரும் பக்கத்தைத் தாழ்வாக. மழை வரும்போல் இருந்தால் முதலில் தார்ப்பாய், அப்புறம்தான் தூளி.

மழையில் இன்னொரு தொல்லை உண்டு. மரத்தில் வழியும் தண்ணீர் வார் வழியாக ஊர்ந்து தூளிக்குள் வந்துவிடும். பாய்க்கு அடியில், வாரில் ஒரு சாண் நூலைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அதில் இறங்கித் தரையில் சொட்டிவிடும். ஷூ நாடாவே போதும். சொட்டுநூல் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு மிகவும் ஒத்துவரும் இடங்களில் ஒன்று, அமெரிக்காவில் ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் வரை சுமார் 3,500 கி.மீ. ஓடும் அப்பலேச்சியன் பாதை. அது பெரும்பாலும் காட்டுக்குள்ளேயே போகிறது. பென்சில்வேனியாப் பகுதியில் தரையெல்லாம் கல், கூடாரம் போடச் சமமான இடம் தேட வேண்டும். தூளிக்காரருக்கோ கீழே கல் இருந்தாலும் சரிவு இருந்தாலும் கவலையில்லை. கலிபோர்னியாப் பாலைவனத்தைக் கடக்கும் பசிபிக் கிரெஸ்ட் பாதையின் தென்பகுதியில் இதைச் சுமப்பது வீண். கட்ட மரம் வேண்டுமே!

கடைசியாக ஒரு பெயர் பாக்கி இருக்கிறது. கோடை இரவிலும் மலையில் தூளியின் அடிப்புறம் குளிரும், ஏனென்றால் முதுகுக்குக் கீழே காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. உறக்கப் பையின் பஞ்சு உடம்பின் எடையில் நசுங்கிவிடுவதால் அந்தப் பக்கம் அது உதவாது. தூளிக்கு வெளியே, அடியில் ஒட்டினாற்போல் தொங்கவிடும் பஞ்சுப் போர்வையை ஆங்கிலத்தில் அண்டர்குவில்ட் என்பார்கள். மெத்தை என்று சொன்னால் மேலே படுப்பது என்று ஆகிவிடும். 'அடிப்போர்வை' சரியாக இருக்கும். அது இல்லாதவர்கள் ஓர் ஃபோம் பாயைத் தூளிக்குள் விரித்துக்கொள்ளலாம், இரட்டைத் துணித் தூளியாக இருந்தால் இரண்டு துணிகளுக்கும் நடுவே செருகிவிட்டால் இரவில் நழுவாது.