பாஸிங்: இனம் மறைத்து வாழ்தல்

கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த ஒருவர், தோல் வெளுப்பாக இருப்பதைத் துணையாகக் கொண்டு, தம்மை அறியாத ஊருக்குப் போய் வெள்ளையராக வாழ்வதை அமெரிக்க ஆங்கிலத்தில் 'பாஸிங்' என்பார்கள். தேர்வில் தேறுவதற்கும் வண்டி கடந்துபோவதற்கும் வழங்கும் அதே சொல்தான். ஆனால் இந்தப் பொருளில் வரும்போது தமிழில் என்ன எழுதுவது என்பதில் தெளிவில்லை. 'கடந்து செல்லல்' என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. 'ஆள்மாறாட்டம்' என்றால் பொருளே கெட்டுவிடும், ஏனெனில் அது வேறொருவரின் பெயரில் புகுந்து ஏமாற்றும் குற்றத்தைக் குறிப்பது. இங்கே பேசப்படுகிறவரோ யாருடைய இடத்தையும் பறிப்பதில்லை. தம் சொந்த முகத்தோடும், பெரும்பாலும் தம் சொந்தப் பெயரோடும் வாழ்ந்துகொண்டு, தாம் யார் வீட்டுப் பிள்ளை என்பதை மட்டும் மறைக்கிறார்.

அடியெடுத்து வைப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது 'பாஸ்'. நடத்தல், கடத்தல், கைமாறுதல் என்று விரிந்த அதன் பொருளில், ஒன்று இன்னொன்றாக ஏற்றுக்கொள்ளப்படுதல் என்பதும் காலப்போக்கில் சேர்ந்தது. கள்ள நாணயம் நல்ல நாணயமாகக் கைமாறுவதையும் இச்சொல்லால் குறித்தார்கள். 'இந்தக் காசு செல்லாது' என்று நாம் சொல்லும்போது வருகிற 'செல்' இதற்கு மிக அருகில் நிற்கிறது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரக் கோரி 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் செய்தித்தாள்களில் எசமானர்கள் கொடுத்த விளம்பரங்களில், ஓடிப்போனவர் தம்மைச் சுதந்திரமானவராகக் காட்டிக்கொள்ள முயலக்கூடும் என்ற எச்சரிக்கை இச்சொல்லோடு வருகிறது. அதாவது முதலில் பேசப்பட்டது விடுதலை. வெள்ளையராதல் அந்த விடுதலைக்கு ஒரு வழி.

அவ்வழியில் போனவர்களுள் எலன் கிராஃப்ட் பெயர் பெற்றவர். 1848 டிசம்பரில், ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரிலிருந்து, நோயுற்ற வெள்ளைப் பண்ணையாராக ஆண் உடையில் அவர் புறப்பட்டார். அவருடைய கணவர் வில்லியம் அவருக்கு அடிமையாக உடன் சென்றார். எலனுக்கு எழுதத் தெரியாது. விடுதிகளிலும் கப்பல் அலுவலகங்களிலும் கையெழுத்துக் கேட்பார்கள் என்பதால் வலக்கையைத் துணியால் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டார். தாடி இல்லாத முகத்தை மறைக்கவும் பேச்சைத் தவிர்க்கவும் தாடையைச் சுற்றி மருந்துக் கட்டுப் போட்டுக்கொண்டார். இரயிலிலும் நீராவிக் கப்பலிலுமாக நான்கு நாள் பயணம் செய்து, கிறிஸ்துமஸ் அன்று இருவரும் அடிமைமுறை இல்லாத ஃபிலடெல்ஃபியாவை அடைந்தார்கள்.

தோற்றத்தில் வெள்ளையராக இருப்பவர் எப்படிக் கறுப்பரானார் என்ற கேள்வி இங்கே எழும். அதை முடிவு செய்தது சட்டம். வர்ஜீனியாவில் 1785ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நான்கில் ஒரு பங்கு ஆப்பிரிக்க வழி இருந்தால்தான் ஒருவர் கலப்பினத்தவர். 1910இல் இந்த அளவு பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கியது. 1924இல் வந்த இனத்தூய்மைச் சட்டம், வெள்ளையரல்லாத இரத்தத்தின் சாயலே இருக்கக்கூடாது என்றது. 'ஒரு துளி விதி' என்று பின்னர் அழைக்கப்பட்டது இதுதான். தாத்தா காலத்தில் வெள்ளையராக எண்ணப்படத்தக்க ஒருவர், எதுவும் மாறாமலே பேரன் காலத்தில் கறுப்பராக முடிந்தது. பிறப்பை மறைத்தவர்களைப் பொய்யர் என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகள் கதையை இச்சொல்லின் முழு விளக்கமாகவே கொள்ளலாம். அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு வர்ஜீனியாவில் இருந்த மாண்டிசெல்லோ பண்ணையில் அடிமையாக இருந்தவர் சாலி. அவருடைய பிள்ளைகள் ஜெஃபர்சனுக்குப் பிறந்தவர்கள் என்பதை இன்று பெரும்பாலான வரலாற்றாளர்கள் ஏற்கிறார்கள். எட்டில் ஏழு பங்கு ஐரோப்பிய வழி வந்த அப்பிள்ளைகள் அன்றைய சட்டக் கணக்கில் வெள்ளையர். ஆனால் தாய் அடிமையாதலால் அவர்களும் அடிமைகள். வளர்ந்தவர்களுள் மூத்தவரான பெவர்லியும் தங்கை ஹாரியட்டும் 1822இல் பண்ணையை விட்டுப் போய் வெள்ளையரோடு கலந்துவிட்டார்கள். கடைசித் தம்பி எஸ்டன் 1852இல் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்து, ஜெஃபர்சன் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டு வெள்ளையரானார். மேடிசன் ஒருவர் மட்டுமே ஒஹையோவில் கறுப்பராகவே வாழ்ந்தார்.

அந்த மேடிசன் 1873இல் ஒரு செய்தித்தாளுக்குத் தம் வாழ்க்கையைச் சொன்னார். ஹாரியட் வாஷிங்டனில் நல்ல நிலையிலுள்ள ஒரு வெள்ளையரை மணந்தார் என்றும், அவர் பெயர் தமக்குத் தெரிந்தாலும் முன்னெச்சரிக்கை கருதிச் சொல்லப்போவதில்லை என்றும் அதில் கூறுகிறார். அக்காவிடமிருந்து பத்து ஆண்டுகளாகச் செய்தி இல்லை. உயிரோடிருக்கிறாரா இல்லையா என்பதும் தெரியாது. அப்போதும் அவர் அக்காவின் கணவர் பெயரை வெளியிடவில்லை. அதனால்தான் ஹாரியட்டின் வழித்தோன்றல்கள் யார் என்பது இன்றுவரை வரலாற்றில் இல்லை. எஸ்டன் வீட்டிலோ மறைப்பு தலைமுறை தாண்டியது. அவருடைய மகன் உள்நாட்டுப் போரில் வட படையின் உயர் அதிகாரியானபோது, ஒஹையோவில் தம்மைச் சிறுவயதில் அறிந்த ஒருவரைக் கண்டு, தம் பிறப்பை யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பின் வந்தவர்கள் ஜெஃபர்சனின் உறவினர் ஒருவர் வழி வந்தோம் என்ற கதையைக் கேட்டே வளர்ந்தார்கள். சாலி என்ற பாட்டி அக்குடும்ப நினைவிலேயே இல்லாமல் போனார். 1998இல் நடந்த மரபணுச் சோதனை எஸ்டனின் வழித்தோன்றல் ஒருவரை ஜெஃபர்சன் ஆண்வழியோடு இணைத்தது.

இதனால்தான் 'இனம் மறைத்து வாழ்தல்' என்பதே பொருத்தமான தமிழ் வழக்கு என்று கருதுகிறேன். தமிழில் 'இனம்' என்பது நிறவழி மக்கட்கூட்டத்தை மட்டும் குறிப்பதன்று. 'இனசனம்' என்றால் சொந்தபந்தம். திருக்குறளின் 'சிற்றினம் சேராமை'யில் அது கூடிப் பழகும் கூட்டம். நிறத்தின் பெயரால் எழுதப்பட்ட சட்டத்திலிருந்து தப்ப ஒருவர் எதை மறைக்க வேண்டியிருந்தது என்றால், தாயை, தமக்கையை, பிறந்த வீட்டை. ஆங்கிலச் சொல்லில் போகிறவர் மட்டுமே தெரிகிறார். தமிழ்ச் சொல்லில் அவர் விட்டுச்சென்றவர்களும் சேர்ந்து நிற்கிறார்கள்.

நியூயார்க்கில் மோர்கன் நூலகத்தை வளர்த்தெடுத்து 1924 முதல் 1948 வரை அதன் இயக்குநராக இருந்த பெல் டா கோஸ்டா கிரீன், தமது மாநிறத்துக்குக் காரணமாகப் போர்ச்சுகீசிய வழியைச் சொல்லிவந்தார். அவர் தந்தை ரிச்சர்ட் கிரீனர், 1870இல் ஹார்வர்டு கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர், கறுப்பர் உரிமைக்காகப் பேசிவந்தவர். பெற்றோர் பிரிந்தபின் தாயும் பிள்ளைகளும் கிரீனரைக் கிரீன் ஆக்கிக்கொண்டார்கள். ஓரெழுத்தை நீக்கியதில் தந்தையே நீங்கிப்போனார். இறக்குமுன் தம் சொந்தக் கடிதங்களையும் குறிப்புகளையும் பெல் எரித்துவிட்டார்.

இந்த வழக்கம் அமெரிக்காவோடு நின்றதன்று. தென்னாப்பிரிக்காவில் 1950ஆம் ஆண்டு மக்கள்பதிவுச் சட்டம் ஒரே குடும்பத்தின் உடன்பிறந்தாரை வெவ்வேறு இனமாகப் பிரித்துப் போட்டது. நம் பக்கத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: பம்பாயில் 1911இல் பிறந்த ஹாலிவுட் நடிகை மெர்ல் ஓபரான். இலங்கையைச் சேர்ந்த சார்லட் செல்பி என்ற பாட்டிதான் அவரைத் தம் மகளாக வளர்த்தவர். திரையுலகுக்கோ மெர்ல் டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைப்பெண். இங்கிலாந்தில் விருந்தினர் வரும்போது, அம்மா என்று அழைத்து வளர்ந்த அந்தக் கறுத்த முகத்துப் பெண்மணியை வீட்டு வேலைக்காரி என்று காட்டினார் என்பது அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் தரும் செய்தி. ஒரு வீட்டுக்குள் இனம் மறைத்தல் என்றால் என்ன என்பதை இதைவிடக் கொடுமையாக எதுவும் காட்டாது.

ஆயினும் இப்படிப் போனவர்களைத் துரோகிகள் என்று எழுதும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. தெருவில் எதிரே வரும் உடன்பிறந்தவரைக் கண்டும் காணாததுபோல் உறவினர்கள் கடந்துபோனார்கள். அவர்களுடைய அந்த மௌனம்தான் போனவரைக் காத்தது. போனவர் தேர்ந்துகொண்டதில் வீட்டாருக்கும் பங்கு இருந்தது, வலியிலும் பங்கு இருந்தது.

சொல்லைப் பயன்படுத்துவோர் ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். வாழ்நாள் முழுதும் மறைத்தவர் ஒரு வகை. பகலில் வெள்ளையருக்கான வேலையைப் பார்த்துவிட்டு இரவில் கறுப்பினக் குடியிருப்புக்குத் திரும்பியவர் இன்னொரு வகை. நீலக்கண்களும் பொன்னிற முடியும் கொண்ட வால்டர் ஒயிட், தம்மைக் கறுப்பர் என்றே அறிவித்து வாழ்ந்தவர். கறுப்பர்களைக் கும்பல் அடித்துக் கொன்ற ஊர்களுக்கு வெள்ளையராகச் சென்று உண்மைகளைத் திரட்டி வந்தார். 1919இல் ஆர்கன்சாவில் செய்தி கசிந்து அவர் இரயிலேறித் தப்பியபோது, வெள்ளையராக நடிக்கும் ஒருவனைப் பிடிக்கப்போகும் வேடிக்கையைப் பார்க்காமல் போகிறீர்களே என்று இரயில் நடத்துநர் அவரிடமே வருந்தினார். இத்தகையவருக்கு 'இனம் மறைத்து வாழ்தல்' ஒவ்வாது. 'வெள்ளையராகச் சென்றார்' என்பதே போதும். எதையும் மறைக்காதபோதும் பிறர் தாமாகவே தவறாக எண்ணிக்கொள்ளும் இடத்தில் 'வெள்ளையராகக் கொள்ளப்பட்டார்' என்று எழுதலாம். நிறம் அல்லாத பிறவற்றுக்கு இதே சொல்லை நீட்டத் தேவையில்லை. நகரத்தில் வாடகை வீடு தேடுகிறவர் 'சாதியை மறைத்து' என்று சொல்லும் வழக்கு தமிழில் முன்பே இருக்கிறது.