தீவில் மணமேடை: முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துக் கோயில் மண்டபங்களிலும் தோட்டத்துப் பந்தல்களிலும் திருமணப் படம் எடுத்து வரும் எனக்கு, அண்மைக் காலமாக லங்காவி, பங்கோர் தீவுகளுக்கும் அழைப்புகள் வருகின்றன. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். நெருங்கிய உறவினரை மட்டும் அழைத்துக் கடற்கரையில் தாலி கட்ட வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் விடுதிக்கு முன்பணம் கட்டி, மணமேடை எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதையெல்லாம் உறுதி செய்த பிறகே படம் எடுப்பவரைத் தேடுகின்றன. படங்கள் எப்படி அமையும் என்பது அதற்குள் பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது.

முதலில் திசை. நம் வழக்கப்படி மணமக்கள் கிழக்கு நோக்கி அமர்வர். லங்காவியின் பந்தாய் செனாங், பங்கோரின் தெலுக் நிப்பா போன்ற கடற்கரைகள் மேற்குப் பக்கம் இருப்பதால், அங்கே கடல் மணமக்களுக்குப் பின்னால் அமைந்துவிடும். காலை வெயில் எனக்குப் பின்னாலிருந்து வந்து அவர்கள் முகத்தில் விழும். பின்னணியில் நீலக்கடல் தெளிவாகத் தெரியும். ரெடாங் தீவின் பாசிர் பாஞ்சாங் கடற்கரையோ கிழக்கே பார்த்திருக்கிறது. அங்கே அதே முறையில் மேடை போட்டால், மணமக்கள் கடலைப் பார்த்திருப்பார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் எனக்கு அவர்களுக்குப் பின்னால் விடுதிக் கட்டடமும் நாற்காலி அடுக்கும்தான் கிடைக்கும். கடலுக்காகவே அவ்வளவு தூரம் சென்ற குடும்பத்தின் ஆல்பத்தில் கடலே இல்லாமல் போவது இப்படித்தான். வேறு திசைக்கு இடமுண்டா என்பதைக் குருக்களிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். நானோ விடுதி மேலாளரோ முடிவு செய்யக்கூடிய காரியம் அன்று.

அடுத்தது நேரம். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டதால், லங்காவியில் ஆண்டு முழுவதும் காலை 7 மணிக்குப் பிறகே சூரியன் உதிக்கிறது. உச்சிக்கு வருவது பகல் 1 மணிக்கு மேல். காலை 9 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 25 பாகை உயரத்தில்தான் நிற்கும். அந்தச் சாய்ந்த ஒளி முகத்துக்கு இதமானது. கடற்காற்றும் அப்போது இன்னும் வலுத்திருக்காது. பத்தரை மணிக்கெல்லாம் கண்குழிகளில் நிழல் விழத் தொடங்கும்; அதன்பின் காற்று ஏற ஏற, குத்துவிளக்கு அணையும், ஓமப்புகை மணமக்கள் மேலேயே திரும்பும். முகூர்த்தத்தைப் படத்துக்காக மாற்றச் சொல்லும் துணிவு எனக்கில்லை. ஒரே நாளில் இரண்டு முகூர்த்தங்கள் குறித்துக் கொடுக்கப்பட்டால் முந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

கடலின் ஏற்றவற்றத்தைப் பற்றி விடுதிக்காரர்கள் தாமாகச் சொல்வது அரிது. மலாக்கா நீரிணையில் நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்குகிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் அந்த வேறுபாடு மிகும். மாலை பார்த்து வந்த அகன்ற மணல்வெளி மறுநாள் காலையில் ஒடுங்கிப்போய், மேடைக்கு முன் நான் நிற்கவும் இடமில்லாமல் ஆகலாம். நில அளவை, வரைபடத் துறையான ஜூப்பெம் ஆண்டுதோறும் ஏற்றவற்ற அட்டவணை வெளியிடுகிறது. அதில் மணநாளைப் பார்த்துவிட்டு இடத்தைக் குறியுங்கள். பருவத்தையும் மறக்க வேண்டாம்: நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றினால் ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளின் விடுதிகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும், லங்காவியில் செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம்.

இனி என் பக்கத்து வேலை. வெண்மணலும் கடலும் வீசும் ஒளியைக் கண்டு கேமரா தானாகவே படத்தை இருட்டாக்கிவிடும். அதில் முதலில் பலியாவது நம்மவர்களின் மாநிற, கருநிற முகங்கள். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவில் பதியும் ஒளியின் அளவை, ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்காகும்). கூட்டினால் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெளுத்துப் போகாமலும் பார்க்க வேண்டும். பிறகு கணினியில் முகத்தை வெளிறவைத்துச் சரிக்கட்டுபவர்கள் உண்டு. அப்படிப் பெறும் ஆல்பத்தில் பெண்ணை அவள் பாட்டிக்கே அடையாளம் தெரியாது. ஆகவே ஒருவரை அமர்த்தும் முன், கடற்கரையில் நண்பகல் வேளையில் அவர் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். அந்தி நேரப் படம் யாருக்கும் அழகாகவே வரும்.

குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த லென்ஸில் உடனே நீர் படியும். தெளிய அரை மணி நேரம்கூட ஆகலாம். மணப்பெண் அலங்காரத்தை எடுத்த கையோடு மேடைக்கு ஓடுபவருக்கு இது பெரும் தலைவலி என்பதால், இரண்டாவது கேமரா ஒன்றை வெளியில், நிழலில், மூடிய பையில் வைத்திருப்பது என் வழக்கம்.

டிரோன் கேட்காத குடும்பமே இல்லை. 2016ஆம் ஆண்டின் சிவில் விமானப் போக்குவரத்து விதிமுறைகள் 400 அடிக்கு மேலும் விமான நிலையச் சுற்றுவட்டத்திலும் அனுமதியின்றிப் பறக்கவிடுவதைத் தடுக்கின்றன. வானிலிருந்து படம் எடுக்க ஜூப்பெமின் அனுமதியும் வேண்டும். லங்காவி விமான நிலையம் பாடாங் மாட்சிராட்டில், செனாங் கடற்கரைக்கு மிக அருகில் இருக்கிறது. “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் அண்ணே” என்று சொல்பவரிடம் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.

குடும்பக் குழுப்படங்களைத் தாலி கட்டி முடிந்ததுமே நிழலான இடத்தில் எடுத்துவிட வேண்டும். அக்கரையிலுள்ள லூமுட்டுக்கோ கோலா பெர்லிசுக்கோ திரும்பும் படகைப் பிடிக்க வேண்டிய தாய்மாமனும் அத்தையும் விருந்து முடியும்வரை காத்திருக்க மாட்டார்கள். யார் யார் ஒன்றாக நிற்க வேண்டும் என்ற பட்டியலை, வீட்டுப் பெரியவர்களை நன்கு அறிந்த ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

ஒப்பந்தத்தை எழுத்தில் செய்துகொள்ளுங்கள். முந்திய நாளே வந்து தங்கும் செலவு யாருடையது, கடல் கொந்தளிப்பால் படகு நின்றால் முன்பணம் என்னவாகும், மழை வந்தால் மாற்று இடம் எது, படங்கள் எப்போது கையில் கிடைக்கும் என்பவை அதில் இருக்க வேண்டும். தீவை விட்டுப் புறப்படும் முன்பே படங்களுக்கு இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை உங்கள் வீட்டாரில் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.