அடைப்பை எடுத்த பிறகும் பம்பிங் ஏன் குறைகிறது?

"அடைப்பைத்தான் முழுசா எடுத்துட்டீங்களே டாக்டர், அப்புறம் ஏன் பம்பிங் குறைஞ்சிருக்கு?" இந்தக் கேள்வி இந்த வாரமும் வந்தது. பம்பிங் என்றால் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் சக்தி. கேட்டவர் நோயாளியின் மகன். அப்பாவுக்கு மாரடைப்பு. நெஞ்சுவலி ஆரம்பித்தது முந்தின நாள் சாயங்காலம். வாயுவாக இருக்கும் என்று மாத்திரை போட்டுப் படுத்துவிட்டார், மருத்துவமனைக்கு வந்தது மறுநாள் காலை. ரத்தக்குழாயைத் திறந்தோம், குழாய் மறுபடி மூடாமல் தாங்கும் வலைக்குழலான ஸ்டென்ட்டும் சரியாக உட்கார்ந்தது, ஆனால் இதயத் தசைக்குள் ரத்தம் இறங்கவில்லை. ஸ்டென்ட் மட்டமானதோ, வைத்தவருக்குக் கை வரவில்லையோ என்று மகன் வாய்விட்டுக் கேட்கவில்லை, முகத்தில் எழுதியிருந்தது. இதை எத்தனை குடும்பங்களுக்குத்தான் வாசலில் நின்றபடி விளக்குவது? எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஒன்று. ரத்தக்குழாய்க்குள் டை என்னும் சாயத்தைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம்தான் ஆஞ்சியோ. அதில் நீங்கள் பார்ப்பது இதயத் தசையை அல்ல, அதற்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்களை மட்டும்தான். அவை சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர் அகலம். பலூனும் ஸ்டென்ட்டும் வேலை செய்வது அங்கேதான். தசைக்கு உண்மையில் ஆக்சிஜன் கொடுப்பவை அதற்குக் கீழே இருக்கும் தந்துகிகள். ஒரு சிவப்பணு உடம்பை நெளித்து நுழையும் அளவுதான் இருக்கும். அவை ஆஞ்சியோ படத்தில் தெரியாது, எந்த ஸ்டென்ட்டும் அதற்குள் போகாது. மதகைத் திறந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று, ஆனால் வயலுக்குப் போகும் மடையெல்லாம் வண்டல் மூடிக் கிடக்கிறது என்றால் பயிருக்கு என்ன பிரயோஜனம்? 'முன்', 'பின்' என்று இரண்டு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு "நூறு சதவீத அடைப்பு போயே போச்சு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் வாய்க்காலை மட்டும்தான் பார்க்கிறார்கள். சொல்லப்போனால் அந்தப் படத்தைக் காட்டி அந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு.

குழாய் திறந்தும் தசைக்குள் ரத்தம் இறங்காத இந்த நிலைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'நோ-ரீஃப்ளோ'. புதுசாக வந்த வியாதி இல்லை. 1974-லேயே நாய்களின் இதயத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ரத்தக்குழாயை 40 நிமிடம் அடைத்துத் திறந்தபோது தசைக்கு ரத்தம் திரும்பியது. 90 நிமிடம் அடைத்துத் திறந்தபோது குழாய் திறந்திருந்தும் தசையின் உட்பகுதிக்கு ரத்தம் திரும்பவில்லை. ரத்தமில்லாமல் கிடந்த நேரத்தில் தந்துகிகளின் சுவரே வீங்கிவிடுகிறது, வெள்ளணுக்கள் அடைத்துக்கொள்கின்றன, மேலே உடைந்த ரத்தக்கட்டியின் துணுக்குகளும் கீழே வந்து சிக்குகின்றன.

ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் செய்யும் அறையான கேத் லேபில் இது நடக்கும்போது எப்படி இருக்கும் தெரியுமா? ஸ்டென்ட்டை விரித்தாயிற்று, டையைச் செலுத்துகிறோம். சாதாரணமாக அது சரசரவென்று கடைசிக் கிளைவரை ஓடி, தசையில் லேசான நிழல்போல் பரவி மறைய வேண்டும். இங்கே அது பாதி வழியில் அப்படியே நிற்கும். மாரடைப்பில் உயர்ந்துவிடும் ஈசிஜி கோட்டின் எஸ்டி என்ற பகுதி மானிட்டரில் இறங்காது, நோயாளி "இன்னும் வலிக்குது" என்பார், சில சமயம் ரத்த அழுத்தமும் சரியும். சிலருக்கு டை நன்றாக ஓடியும் தசைக்குள் இறங்கியிருக்காது. அதனால்தான் படம் அழகாக இருந்தாலும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கழித்து ஈசிஜியை மறுபடி எடுத்து, எஸ்டி 70 சதவீதமாவது இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறோம்.

"இன்னொரு ஸ்டென்ட் வையுங்களேன்" என்பவர்களுக்கு: எங்கே வைப்பது? அடினோசின், நைட்ரோபுருசைட், வெரபமில் மாதிரி மருந்துகளைக் குழாய்க்குள்ளேயே செலுத்திப் பார்ப்போம். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. அழுத்தம் ஏற்கெனவே சரிந்திருந்தால் அவற்றில் பலவற்றைக் கொடுக்கவே யோசிக்க வேண்டும். ரத்தக்கட்டியை முன்கூட்டியே உறிஞ்சி எடுத்துவிட்டால் போதுமே என்று நாங்களும் ஒருகாலத்தில் பெரிதாக நம்பினோம். 2013-ல் டேஸ்ட், 2015-ல் டோட்டல் என்ற இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. எல்லோருக்கும் வழக்கமாக அப்படிச் செய்வதால் பலனில்லை என்று தெரிந்துபோனது.

ஆக, எங்கள் கையில் இருப்பது குறைவு. உங்கள் கையில் இருப்பது நேரம். சீக்கிரம் வந்தவருக்கும் இது வரலாம், அதை மறைக்கவில்லை. ஆனால் தாமதமாக வந்தவருக்குத்தான் அதிகம் வருகிறது, கட்டி பெரிதாக இருந்தாலோ சர்க்கரை எகிறியிருந்தாலோ இன்னும் மோசம்.

நெஞ்சில் அழுத்தம், தோள், தாடை, கைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, இதில் எது வந்தாலும் ஈசிஜி எடுக்கக் கிளம்புங்கள். வாயுவா இல்லையா என்று முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பு மட்டும் வரலாம். வலி குறைந்துவிட்டது என்று திரும்பிப் படுக்காதீர்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள், ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள், ஆஞ்சியோபிளாஸ்டிக்குக் கையெழுத்துக் கேட்கும்போது சித்தப்பா, மாமா, வெளியூரில் இருக்கும் மச்சான் என்று ஒவ்வொருவராக போனில் பிடித்துக் கருத்துக் கேட்காதீர்கள். நீங்கள் அங்கே பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் கேத் லேப் உள்ள இடத்துக்குப் போய்ச்சேர முடியாது என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் வந்த மருத்துவமனையிலேயே போடச் சொன்னால் மறுக்காதீர்கள்.

நோ-ரீஃப்ளோ ஆனவர் வீட்டுக்குப் போனால் கதை முடிந்ததென்று இல்லை. மயங்கிக் கிடக்கும் தசை சில வாரங்களில் ஓரளவு மீளலாம். அதனால் பம்பிங்கை அளக்கும் ஸ்கேனான எக்கோவை முதல் தடவை பார்த்து மனம் உடைய வேண்டாம், சொன்ன தேதியில் அடுத்த எக்கோவுக்கு வந்துவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் இரண்டு மாத்திரைகளையும் இதயத்துக்கான மற்ற மாத்திரைகளையும் யார் சொன்னாலும், பல் டாக்டர் சொன்னாலும்கூட, எங்களைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே வாருங்கள்.